கண்ணாடிக் கடலுக்கு அடியில் ஒரு பாலைவனம்

"பழைய இரும்புக் கப்பலை நன்றாகக் கழுவிப் பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அருங்காட்சியகமாக நிற்கும் 'எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன்' நீராவிக் கப்பலுக்கு அது போதாது.

பொறியாளர் புருனெல் வடிவமைத்து 1843-இல் வெள்ளோட்டம் விட்ட கப்பல். 98 மீட்டர் நீளம். 1937-இல் தென் அட்லாண்டிக்கிலுள்ள ஃபாக்லாந்து தீவுகளில் கைவிட்டு மூழ்கடித்தார்கள். 1970-இல் மிதவையில் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடந்து, அது பிறந்த உலர்துறைக்கே (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டும் துறை) கொண்டுவந்தார்கள். கூடவே கடலுப்பின் குளோரைடும் வந்தது.

கப்பலின் உடல் தேனிரும்பு, அதாவது அடித்து உருவாக்கும் பழைய வகை இரும்பு. துரு அதில் ஏடு ஏடாக உள்ளே இறங்கும். குளோரைடு அந்த ஏடுகளுக்கு அடியில் போய் உட்கார்ந்து, இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது துருவாக மாறி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்குகிறது. அமிலம் பக்கத்து இரும்பை அரித்து மீண்டும் இரும்புக் குளோரைடாகிறது. இரும்பு செலவாகிறது, ஆக்சிஜன் செலவாகிறது. குளோரைடு மட்டும் கைமுதல் குறையாமல் அடுத்த சுற்றுக்குப் போகிறது! மேலாகக் கழுவினால் இது வெளியே வராது. பெயின்ட் அடித்தால் அடியிலிருந்து கொப்புளித்து உரியும்.

இந்தச் சுற்றில் நம் கைக்கு எட்டுவது ஈரம் ஒன்றுதான். ஆனால் குளோரைடு உப்புகள் காற்றிலிருந்தே நீரை இழுப்பவை. ஈரப்பதம் 20 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் அரிப்பு ஏறக்குறைய அடங்கும். அதனால் நீர்மட்டக் கோட்டில், கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் இடையே கண்ணாடித் தளம் போட்டு, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் கப்பல் மிதக்கிறது. கீழே இறங்கினால் மூடிய வறண்ட அறை.

குளிரவைத்து நீரைப் பிரிக்கும் சாதாரண இயந்திரம் இங்கே எடுபடாது. 20 டிகிரி வெப்பத்தில் இவ்வளவு வறண்ட காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 3.5 கிராம் நீராவிதான் இருக்கும். அந்த அளவுக்கு வற்றவைக்கக் குளிர்குழாய் மைனஸ் 4 டிகிரிக்கும் கீழே போகவேண்டும்; உறைபனி படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே ஈரம் உறிஞ்சும் சக்கரம்: சிலிக்கா ஜெல் பூசிய தேனடை போன்ற உருளை மெதுவாகச் சுழல்கிறது. ஒரு பகுதி ஈரத்தை உறிஞ்சும்போதே, இன்னொரு பகுதியில் 100 டிகிரிக்கு மேல் சூடான காற்று பாய்ந்து அந்த ஈரத்தை வெளியே துரத்துகிறது.

சூடேற்றி பழுதானால் சக்கரம் நிரம்பிவிடும். இரு பகுதிகளுக்கும் நடுவிலுள்ள அடைப்பு தேய்ந்தால் துரத்திய ஈரமே திரும்பி வரும். கப்பலை மீட்கும் நாளில் நன்கொடை கேட்பது எளிது. இந்தச் சூடேற்றியின் மின்கட்டணத்துக்கு ஆண்டுதோறும் கேட்பதுதான் கடினம். நிதி ஒதுக்குபவர்கள் முதலில் கணக்கெடுக்க வேண்டியது அதைத்தான்.