ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்: கலியாணப் பூ அலங்கார மதிப்பீட்டை இணையத்தில் படிக்கும் முறை

கோயம்புத்தூரில் கலியாணப் பூ அலங்காரத் தொழில் செய்துவரும் நான், மதிப்பீடுகளை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பும் பழக்கத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இணையத்தில் தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் லிங்க்கை அனுப்புகிறேன். மணவறையின் மாதிரிப் படங்கள், பூவின் வகையும் அளவும், விலை, அட்வான்ஸ் விவரம், கேள்வி எழுதும் இடம், கடைசியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தான் என எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் மேலே உள்ள படங்களைப் பார்க்கின்றன, அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்க்கின்றன. நடுவில் உள்ளதைப் பார்ப்பதில்லை. பின்னால் எழும் தகராறு அநேகமாக அந்த நடுப்பகுதியில்தான் பிறக்கிறது.

இந்த முறைக்கு நான் மாறக் காரணம் ஒரு தை முகூர்த்தம். நாங்கள் முதலில் அனுப்பிய மதிப்பீட்டில் மணவறையின் பின்புறம் முழுவதும் மல்லிகைச் சரம் இருந்தது. மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்துவிடுவதாலும், தை பிறந்ததும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருவதாலும், மற்ற நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்லிகை அந்தச் சமயத்தில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுவதுண்டு. தொகையைப் பார்த்த பெண்ணின் தந்தை செலவைக் குறைக்கச் சொன்னார், வெள்ளைச் செவ்வந்தியும் சம்பங்கியுமாக மாற்றி இரண்டாவது பிடிஎஃப் அனுப்பினோம், அவரும் சம்மதித்தார். ஆனால் முதல் பிடிஎஃப் அதற்குள் இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று விடியற்காலை நான்கரை மணிக்கு, ஏணியின் மேல் நின்று சரம் கட்டிக்கொண்டிருந்த என்னைக் கீழே இறங்கச் சொல்லி, மாப்பிள்ளையின் பெரியம்மா தம் செல்பேசியை நீட்டி, “மல்லி எங்கே தம்பி?” என்று கேட்டார். அந்தத் திரையில் இருந்தது எங்கள் கடைப் பெயர், எங்கள் படம், எங்கள் விலை. அவர் கேட்டதில் தவறே இல்லை. பெண்ணின் தந்தை சம்பந்தி வீட்டார் முன் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சங்கடத்தை நான் எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியவில்லை.

லிங்க்கின் பெரிய பயன் இதுதான்: யார் எப்போது திறந்தாலும் கடைசியாகத் திருத்தியதுதான் தெரியும். ஆகவே வீட்டாருக்குக் காட்டும்போது லிங்க்கையே காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பழைய பிடிஎஃப் செய்த வேலையை அது செய்துவிடும். பக்கத்தின் மேல்மூலையில் ‘திருத்தம் 3’ என்றோ, திருத்திய தேதி என்றோ குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்த நடுப்பகுதிக்கு வருகிறேன். பூவை அளக்க எங்கள் தொழிலில் ஒரே அளவு கிடையாது. உதிரிப்பூ கிலோவில், கட்டிய பூ முழத்தில், ஓசூர் ரோஜா இருபது காம்பு கொண்ட கட்டில், மாலை ஜோடியில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. முழம் என்பது கட்டுபவரின் கைக்கும் கட்டும் நெருக்கத்துக்கும் ஏற்ப மாறும். ‘மணவறை அலங்காரம் - 1 செட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் எந்த உறுதியும் இல்லை. இருபது அடி அகலமும் பத்து அடி உயரமும் உள்ள பின்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு சரம் தொங்கவிட்டால் ஏறத்தாழ 80 சரம், மொத்தம் 800 அடிப் பூ வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஒன்று விட்டால் 400 அடியே போதும். இரண்டுமே ‘சரத் திரை’தான், இரண்டுக்கும் ஒரே படத்தைக் காட்ட முடியும். விலை குறைவாகச் சொல்பவர் எங்கே குறைத்திருக்கிறார் என்பது படத்தில் தெரியாது. சர எண்ணிக்கையைக் கேட்டால் தெரிந்துவிடும். ‘தேவைக்கேற்ப’ என்று எழுதியிருந்தால், யாருடைய தேவை என்று தயங்காமல் கேளுங்கள்.

படத்தின் நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தில் வெள்ளைச் செவ்வந்தி சந்தன நிறமாகத் தெரியும். செல்பேசியில் இரவு நேரத் திரை அமைப்பைப் போட்டிருந்தால் இன்னும் பழுப்பாகத் தெரியும். பட்டுப்புடவையோடு பொருந்த வேண்டும் என்று நினைப்பவர்கள், பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு காலைப் பொழுதில் மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டுக்குச் சென்று பூவைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

மாற்றுப் பூ பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். மழை பெய்தால் செவ்வந்தி அழுகும், பனி விழுந்தால் மல்லி சுருங்கும், தாய்லாந்திலிருந்து வரும் ஆர்க்கிட் சில சமயம் வராமலே போகும். ஆகவே மாற்றுப் பூ போட எங்களுக்கு இடம் வேண்டும். அதை மறுக்கும் குடும்பம் கலியாணத்தன்று பூ இல்லாத வெறும் சட்டகத்தைத்தான் பார்க்க நேரும். ஆனால் ‘வேறு பூ பயன்படுத்தப்படலாம்’ என்பது போதாது. ‘அதே நிறத்தில், அதே மதிப்பில், முன்கூட்டித் தெரிவித்து’ என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். எங்கள் பழைய மதிப்பீடுகளில் மூன்றாவது இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பொத்தான்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவின்படி, மின்னணு வழியில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. ஆகவே வீட்டில் யார் அழுத்துவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். லிங்க் கையில் இருக்கும் எவரும் அழுத்திவிடலாம் என்று அமைந்த பக்கமானால், ஒப்புதலுக்கு மட்டும் ஒருவருடைய எண்ணுக்கு ஓடிபி வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். அழுத்திய பிறகு மாற்றம் வேண்டுமானால், அதைத் தொலைபேசியில் சொன்னாலும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எங்களிடம் முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்பு பக்கம் பூட்டப்பட்டுவிடும். அதற்குள் ஓசூருக்கு ஆர்டர் போயிருக்கும்.

பணம் செலுத்தும்போது யுபிஐ திரையில் தோன்றும் பெயர், மதிப்பீட்டில் உள்ள கடைப் பெயரோடோ உரிமையாளர் பெயரோடோ ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பின் எண்ணைப் போடுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் அலங்காரச் சேவைக்கு 18 விழுக்காடு வரி சேர்ப்பார்கள். காட்டியிருக்கும் தொகை அதையும் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் வீட்டு முகவரி இருக்கும், வாசலில் பந்தல் போடும் நாள் இருக்கும், குடும்பம் முழுவதும் மண்டபத்தில் இருக்கும் நேரமும் இருக்கும். வீடு பூட்டிக் கிடக்கும் நேரத்தை நாமே எழுதி வைத்தது போலாகிறது. ஆகவே ஐம்பது பேர் இருக்கும் குழுவில் லிங்க்கைப் போடாதீர்கள். கலியாணம் முடிந்ததும் பக்கத்தை நீக்கச் சொல்லுங்கள்.

திரையில் படிக்க முடியாத பெரியவர்களுக்காக, இறுதித் திருத்தத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். சென்ற ஆவணியில் ஒரு வீட்டில் பெண்ணின் பாட்டி அந்தத் தாளை மடியில் வைத்து, வரி வரியாக விரலை ஓட்டி வந்தார். பெண்ணும் அவளுடைய பெற்றோரும் நானும் அதே பக்கத்தைத் திரையில் பத்து முறையாவது பார்த்திருப்போம். பாட்டி கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்து, “பொண்ணு தலைக்கு வெக்கற பூ இதுல எங்க கண்ணு இருக்குது?” என்று கேட்டார். எங்கேயும் இல்லை. அன்றிரவு ஒன்பதே முக்காலுக்கு, கட்டிய மல்லி பன்னிரண்டு முழம், ஜடைக்குத் தனியாக ஒரு செட் எனச் சேர்த்துத் ‘திருத்தம் 4’ ஏற்றினேன். அந்தச் செட்டில் என்னென்ன பூ, எத்தனை என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதினேன்.