கல் பட்ட புள்ளிக்குள் என்ன நிறம் தெரிகிறது?

பானட்டில் விழுந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "வண்டி எடுத்து மூணு மாசம்கூட ஆகலை, பெயின்ட்டே சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் எங்கள் பெயின்ட் பூத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையெல்லாம் நான் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி, அந்தப் புள்ளிக்குள்ளே என்ன நிறம் தெரிகிறது என்பது. கோபப்பட வேண்டுமா, டச்-அப் செய்ய வேண்டுமா, கண்டுகொள்ளாமல் விடலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

கார் தகட்டின் மேல் இருப்பது ஒரே பூச்சு இல்லை. அடியிலிருந்து வந்தால் முதலில் துத்தநாக பாஸ்பேட் படலம். ஒன்றிரண்டு மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அடுத்தது ஈ.டி. கோட். பாடி முழுவதையும் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் ஒட்டவைப்பது. சுமார் 20 மைக்ரான். துருவைத் தடுக்கும் உண்மையான காவல்காரன் இந்தப் பூச்சுதான். அதன் மேல் பிரைமர், பிறகு நமக்குத் தெரியும் நிறத்தைக் கொடுக்கும் பேஸ் கோட், கடைசியில் பளபளப்புக்கும் வெயிலைத் தாங்கவும் கிளியர் கோட். நிறம் தரும் பேஸ் கோட் பெரும்பாலும் 15 மைக்ரானை ஒட்டியே இருக்கும். கிளியர் கோட் 40 அளவில். எல்லாம் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்தப் பருமனை வைத்துக்கொண்டு, எதிரே பறந்துவரும் கருங்கல் சில்லைத் தாங்கச் சொல்கிறோம்.

இப்போது புள்ளிக்கு வருவோம். விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் தடவுங்கள். ஈரம் இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அடி கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. நல்ல பாலிஷில் ஓரளவு குறையும். மங்கலான சாம்பல் நிறமோ, வண்டியின் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த வேறொரு சாயலோ தெரிந்தால் அது பிரைமர் அல்லது ஈ.டி. கோட். தகடு இன்னும் மூடித்தான் இருக்கிறது. அவசரம் இல்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது. வெள்ளியாக மின்னினால் தகடு வெளியே வந்துவிட்டது. பழுப்பு நிறம் என்றால் துரு வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இன்றைய கார்களில் வெளித் தகடுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. கீறல் விழுந்த இடத்தில் துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். அதனால் சின்னப் புள்ளி உடனே ஓட்டையாகிவிடாது. உங்கள் பானட்டில் காந்தம் ஒட்டவில்லையா? அது அலுமினியமாக இருக்கக்கூடும். அதில் பழுப்புத் துரு வராது. ஆனால் புள்ளியைச் சுற்றி, பெயின்ட்டுக்கு அடியில் மெல்லிய புழு ஊர்ந்த தடம்போலக் கொப்புளம் கிளம்பும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, "அலுமினியம்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அங்கே கறுப்பாகத் தெரிந்தால் அழகு போச்சு, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது கல் பட்டுப் பெயர்வது. உரிவது முற்றிலும் வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது. கல் பட்டால் சின்னக் குழி விழும், நடுவில் ஆழம், ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், பெயர்ந்த பரப்பு அடி விழுந்த இடத்தோடு நின்றுவிடும். ஒட்டுதலே சரியில்லாத பெயின்ட்டில் சின்ன அடிக்கே பெரிய சில்லாக வரும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் தோலாகக் கிளம்பும், அடியில் இருக்கும் பூச்சு வழுவழுவென்று சுத்தமாகத் தெரியும். கல்லே பறக்காத இடத்தில், கூரையின் நடுவிலோ டிக்கி மூடியின் மேலோ இது நடந்தால், மறுபெயின்ட் ஆகாத வண்டி என்றால், அநேகமாகத் தயாரிப்பில் கோளாறு.

இப்படி நடந்தும் இருக்கிறது. 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கம்பெனிகள் சில மாடல்களில் நடுவில் இருக்கும் பிரைமரை விட்டுவிட்டு, ஈ.டி. கோட்டின் மேல் நேராக நிறத்தை அடித்தன. நிறத்தை ஊடுருவிப் போன சூரியனின் புற ஊதாக் கதிர் ஈ.டி. கோட்டின் மேற்பரப்பைப் பொடித்துவிட்டது. மேலே இருந்த பூச்செல்லாம் செதில் செதிலாக உரிந்து பறந்தன. டொயோட்டாவும் தன் சில மாடல்களின் குறிப்பிட்ட வெள்ளை நிறங்களில், நீண்ட நாள் வெயிலில் அடிப்பூச்சுகளின் பிடிப்பு தளர்வதை ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் இலவசமாக மறுபெயின்ட் செய்யும் திட்டம் அறிவித்தது. ஆக, "பெயின்ட் உரியுது" என்று நீங்கள் சொன்னால் அதற்கு வாரன்டியில் இடம் இருக்கக்கூடும். "கல் பட்டுப் பெயர்ந்தது" என்று சொன்னால் அநேகமாக எந்தக் கம்பெனியும் தராது, வாரன்டிப் புத்தகத்திலேயே விலக்கி எழுதியிருப்பார்கள். துருவுக்குப் பல வருட வாரன்டி என்று போட்டிருப்பதையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது தகடு உள்ளிருந்து அரித்து வெளியே ஓட்டையாவதற்கு மட்டும்தான்.

ஷோரூமுக்குப் போகும் முன் ஓரங்களைக் கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. உரிந்த சில்லு கிடைத்தால் அதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். சில்லின் பின்பக்கம் எந்தப் பூச்சு ஒட்டியிருக்கிறது என்பதை வைத்தே, எந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிடிப்பு விட்டது என்று சொல்லிவிடலாம்.

"அந்தக் காலத்து வண்டிப் பெயின்ட் இரும்பு மாதிரி இருக்கும், இப்போ தண்ணி பெயின்ட்" என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. நிறம் தரும் பேஸ் கோட் பல தொழிற்சாலைகளில் நீர் சார்ந்ததாக மாறியது உண்மை. காற்றில் கலக்கும் கரைப்பான் ஆவியைக் குறைக்கச் சட்டங்கள் வந்ததால் மாறியது. ஆனால் கல்லடியைத் தாங்குவது பேஸ் கோட்டின் வேலையே இல்லை. அடியில் இருக்கும் பிரைமர் கொஞ்சம் வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஈ.டி. கோட் தகட்டை விடாமல் பிடித்திருக்க வேண்டும். என் கணிப்பில் யோசிக்க வேண்டிய மாற்றம் வேறு. செலவையும் சூளைச் சூட்டையும் மிச்சப்படுத்த, பிரைமரைத் தனியாக அடித்துச் சுடாமல், அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் பேஸ் கோட்டை ஈரத்தின் மேல் ஈரமாக அடித்து, எல்லாவற்றையும் ஒரே தடவை சுட்டு எடுக்கும் முறை பரவியிருக்கிறது. சரியாகச் செய்தால் அதுவும் சோதனையில் தேறும். ஆனால் மொத்தப் பருமன் குறைந்துவிடுவதால், பிசகு நேர்ந்தால் ஈடுகொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

சோதனை என்றதும் பலரும் ஆய்வகத்தில் யாரோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். கிராவலோமீட்டர் என்று ஒரு கருவி. பெயின்ட் அடித்த தகட்டின் மேல் காற்றழுத்தத்தால் ஜல்லியை அள்ளி வீசும். பிறகு டேப் ஒட்டிப் பிய்த்து, எத்தனை இடத்தில், எந்த அளவில், எந்த அடுக்கு வரை பெயர்ந்தது என்று எண்ணுவார்கள். தகட்டைக் குளிரவைத்தும் இதைச் செய்வார்கள், குளிரில் பெயின்ட் விறைத்து எளிதில் உடையும் என்பதால். இந்தச் சோதனையில் ஒரு புள்ளிகூட விழாத பெயின்ட் அரிது. எவ்வளவு குறைவு என்பதுதான் மதிப்பெண்.

கெட்டியான பூச்சு நல்ல பூச்சு என்ற எண்ணமும் இங்கேதான் உடைகிறது. மேல்பூச்சு கெட்டியாக இருந்தால் துணிக் கீறல் குறையும். ஆனால் வளைந்துகொடுக்காத கெட்டிப் பூச்சு கல்லடியில் சட்டென்று சிதறும். பெயின்ட்டின் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங்கை விற்கிறவர்கள் சொல்லும் "9எச்" என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் அளவுகோல். வைரத்துக்குப் பத்து கொடுக்கும் கனிம அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கோட்டிங்கின் பருமனோ ஓரிரு மைக்ரான். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவ சுலபம், பளபளப்பு நிற்கும். நானும் போட்டுத் தருகிறேன். கல்லைத் தடுக்கும் என்று மட்டும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்லைத் தடுப்பது, பெயின்ட்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் பி.பி.எஃப். படலம்தான். வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் பருமன். வண்டியின் மொத்தப் பெயின்ட்டையும் விடத் தடிமன். முழு வண்டிக்கும் ஒட்ட வேண்டிய தேவை எல்லோருக்கும் இல்லை. பானட்டின் முன் ஓரம், பம்பர், கண்ணாடிகளின் முகம், பின் சக்கர வளைவுக்கு முன்னால் இருக்கும் பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு. அடி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலைக்கு வெளியே மறுபெயின்ட் செய்த பகுதியில் ஒட்டினால், பின்னாளில் படலத்தை உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வந்துவிட வாய்ப்பு உண்டு. எந்தப் பகுதி எப்போது பெயின்ட் ஆனது என்று ஒட்டுகிறவரிடம் மறைக்காதீர்கள்.

புது வண்டியாக இருந்தாலும் டெலிவரி எடுக்கும் நாளில் பெயின்ட்டின் பருமனை மைக்ரானில் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. வழியில், கிடங்கில் அடிபட்டு, தொட்டுச் சரிசெய்த வண்டிகள் வருவதுண்டு. எல்லாப் பகுதியும் 110, 120 என்று காட்ட, ஒரு கதவு மட்டும் 250 என்றால் அங்கே மறுபடி பெயின்ட் ஏறியிருக்கிறது. 500-ஐத் தாண்டினால் அடியில் பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கும். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் அளவு காட்டாது. இதோடு இன்னொன்று, புது வண்டியை ஒரு மாசம் கழுவாதே, பெயின்ட் இன்னும் காயவில்லை என்பார்கள். தொழிற்சாலையில் 140 டிகிரி சூளையில் சுட்டு வெளியே வருகிற பெயின்ட்டுக்கு அது பொருந்தாது. மறுபெயின்ட் செய்த வண்டிக்குத்தான் அந்தப் பொறுமை தேவை.

ஓட்டும் விதத்தில் இரண்டே விஷயம். கல்லின் மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60-ல் பட்ட கல் 120-ல் பட்டால் அடி நான்கு மடங்கு. ஜல்லி லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். அடுத்தது டயர். அழகுக்காக அகல டயர் போட்டு, அது பாடியைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், உங்கள் டயரே உங்கள் கதவின் மேல் கல்லை வீசிக்கொண்டிருக்கும். இதற்கு மட் ஃப்ளாப் போட்டாலும் பாதிதான் பலன்.

தகடு தெரியும் புள்ளியை வீட்டிலேயே மூடலாம். கலர் கோடு கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள பட்டையில் இருக்கும். ஓரத்தில் தொங்கும் சில்லை எடுத்துவிட்டு, துரு இருந்தால் உப்புத்தாளின் சின்னத் துண்டால் அந்தப் புள்ளிக்குள் மட்டும் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். வெறும் தகட்டுக்கு முதலில் ஒரு துளி பிரைமர். பிறகு நிறம். பாட்டிலோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன், பல் குத்தும் குச்சியின் முனை போதும். ஒரே தடவையில் குழியை நிரப்பாதீர்கள். மெல்லியதாக வைத்து, காயவிட்டு, மறுபடி வையுங்கள். கடைசியில் கிளியர். நகப்பூச்சு வைத்து மறைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வெயிலில் வெளிறி வெடித்து, அடியில் துரு படர்ந்தபின் எங்களிடம் வருவார்கள். டச்-அப் ஆன இடத்தில் சில வாரங்களுக்குப் பிரஷர் வாட்டரைக் கிட்டத்தில் பிடிக்க வேண்டாம்.

என் வருமானத்துக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன். நாலைந்து புள்ளிக்காக முழு பானட்டையும் மறுபெயின்ட் செய்யாதீர்கள். ஒயரிங், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டிய வண்டியை 140 டிகிரியில் சுட முடியாது. நாங்கள் பெயின்ட்டை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து 60 டிகிரி அளவில்தான் காயவைக்கிறோம். நல்ல கைக்காரர் செய்தால் நன்றாகவே நிற்கும், ஆனால் அடியிலிருந்த தொழிற்சாலைப் பூச்சைத் தேய்த்துத்தான் மேலே ஏற்றுகிறோம். துரு பல இடத்தில் கிளம்பிவிட்டது, அல்லது உரிதல் என்று உறுதியாகிவிட்டது என்றால் செய்துதான் ஆக வேண்டும். அப்போது கதவுக்குக் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பல வண்டிகளில் சொரசொரப்பாக, ரப்பர்போல ஒரு கல்காப்புப் பூச்சு இருக்கும். அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டு மேலே பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலையை ஒப்படைக்கும் முன்பே அதைத் திரும்பப் பூசுவதாக எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.