ஐசோடோப்பு: ஓரிடத்தானும் சமதானியும்

‘ஐசோடோப்பு’ என்பது ‘சமம்’ என்று பொருள்படும் ‘ஐசோஸ்’, ‘இடம்’ என்று பொருள்படும் ‘டோப்போஸ்’ ஆகிய இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த சொல். குடியிருப்புக்கு அருகே மருத்துவ ஐசோடோப்பு ஆலை வேண்டாம் என்று மக்கள் எதிர்க்கும் இடங்களில் இச்சொல் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒருசேரப் பெயராகிவிடுகிறது. அதனாலேயே இதன் பொருளையும், ‘ஓரிடத்தான்’, ‘சமதானி’ என்ற இதன் தமிழ்ப் பெயர்களையும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கதிரியக்கப் பொருள்கள் கண்டறியப்பட்டிருந்தன. தனிம அட்டவணையிலோ அவற்றுக்கு 11 இடங்களே இருந்தன. கிளாஸ்கோவில் பணியாற்றிய வேதியியலாளர் பிரெடெரிக் சாடி, நிறையிலும் கதிரியக்கத்திலும் வேறுபட்டாலும் வேதியியல் முறையில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க இயலாத பொருள்களை ஒரே இடத்தில் வைக்கலாம் என்றார். அவற்றுக்குப் பொருத்தமான பெயரை எடுத்துக்கொடுத்தவர், மருத்துவரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட். அந்தப் பெயர் 1913-இல் அச்சேறியது.

இங்கு ‘இடம்’ என்பது தனிம அட்டவணையில் உள்ள இடம். புரோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்து நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். அவை எல்லாமே கதிர்வீசுபவை அல்ல. அடுக்களை உப்பில் சேர்க்கப்படும் அயோடின்-127 ஓர் ஐசோடோப்பு, அது நிலையானது. தைராய்டு புற்றுநோய்க்குத் தரப்படும் அயோடின்-131 மற்றோர் ஐசோடோப்பு. அது 8 நாளில் பாதியாகக் குறையும் கதிரியக்கப் பொருள். இரண்டும் ஓரிடத்தவை ஆதலால் தைராய்டு சுரப்பிக்கு அவற்றை வேறுபடுத்தத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலவே உள்ளிழுத்துக்கொள்ளும். அயோடின்-131 மருந்தாவதும் இதனால்தான். கசிந்து வெளியேறினால் அண்டை வீட்டுக் குழந்தைக்கு அது கேடாவதும் இதனால்தான். அஞ்சுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது முறையன்று என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லூகாஸ் ஹைட்ஸில், குடியிருப்புக்கு அருகே அணு உலை இருக்கலாமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. அங்கே ஹைஃபார் அணு உலை 1958-இல் இயங்கத் தொடங்கியது; சுற்றிலும் 1.6 கிலோமீட்டர் வரை வீடுகள் கட்டலாகாது என்ற வரம்பும் இருந்தது. அவ்வட்டத்துக்கு வெளியே புறநகர் வளர்ந்தது. அணு உலையின் பெயரோடு தங்கள் வீட்டு முகவரி ஒட்டிக்கொண்டிருப்பது மனை மதிப்பைக் குறைக்கிறது என்ற எண்ணத்தால், 1996-இல் குடியிருப்புப் பகுதிக்கு ‘பார்டன் ரிட்ஜ்’ என்று பெயர் மாற்றினார்கள். அதற்கடுத்த ஆண்டே, அதே வளாகத்தில் புதிய உலை அமைக்கப்படும் என்று நடுவண் அரசு அறிவித்தது.

புற்றுநோயாளிகளுக்கான மருந்து என்பது அரசின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. ஐசோடோப்புகளை இறக்குமதி செய்யலாம், சைக்ளோட்ரானில் (அணு உலை இல்லாமல், மின்னேற்றத் துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் கருவியில்) ஆக்கலாம், எரிந்த எரிபொருளும் கழிவும் எங்கே போகும் என்று அப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான சதர்லாந்து ஷயர் மன்றமும் குடியிருப்போரும் மறுத்தார்கள். எனினும் 20 மெகாவாட் திறனுள்ள ஓபல் உலை 2006-இல் இயங்கத் தொடங்கியது. கழிவைப் பற்றிய வினாவோ தீரவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பா அருகே கழிவுக் கிடங்கு அமைக்கும் திட்டம், பார்ங்கார்லா தொல்குடியினர் தொடுத்த வழக்கில் 2023-இல் வீழ்ந்தது.

இரு தரப்பும் ‘ஐசோடோப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் நின்றுவிடும்போது, ஆயுளின் வேறுபாடு மறைந்துவிடுகிறது. உடலின் உட்புறத்தைப் படமெடுக்கப் பயன்படும் ஃபுளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகும். அதை மருத்துவமனைக்குக் கிட்டத்தில்தான் ஆக்க வேண்டும். மாலிப்டினம்-99 பாதியாக 66 மணி நேரம் ஆகும், விமானத்தில் அனுப்பலாம். அது சிதைந்து தரும், அதேபோல் படமெடுக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், மாலிப்டினத்தை ஈயக் கவசமிட்ட கலத்தில் மருத்துவமனைக்கு அனுப்பி, காலையில் உப்புக் கரைசலைச் செலுத்தி டெக்னீசியத்தை மட்டும் வடித்தெடுக்கிறார்கள். கலத்தைப் ‘பசு’ என்றும் வடிப்பதைப் ‘பால் கறத்தல்’ என்றும் ஆய்வகத்தார் சொல்வதுண்டு. ஆகவே, ஊருக்கு அருகில்தான் ஆலை இருந்தாக வேண்டும் என்ற வாதம் ஃபுளூரினுக்குப் பொருந்தும் அளவுக்கு மாலிப்டினத்துக்குப் பொருந்தாது.

தமிழில் இதற்கு ‘ஓரிடத்தான்’ என்ற சொல் தமிழ்நாட்டிலும் ‘சமதானி’ என்ற சொல் இலங்கையிலும் வழங்குகின்றன. ‘சமதானி’யில் உள்ள ‘தானம்’ இடத்தைக் குறிப்பது; எனவே இரண்டுமே கிரேக்கப் பொருளை அப்படியே தாங்கியவை. ‘சமதானி’ சுருக்கமானது, ‘சமாதானம்’ என்று காதில் விழும் இடரும் அதற்கு உண்டு. ‘ஓரிடத்தான்’ ஓர் ஆளைச் சொல்வதுபோல் ஒலித்தாலும், கேட்ட உடனே பொருள் விளங்குவதால் நான் அதையே தேர்வேன். கதிர்வீசும் வகையைக் குறிக்கும்போது ‘கதிரியக்க ஓரிடத்தான்’ என்று முழுமையாகவே எழுத வேண்டும். சைக்ளோட்ரான் மட்டும் உள்ள இடத்தை ‘மருத்துவக் கதிரியக்க ஓரிடத்தான் ஆக்க நிலையம்’ எனலாம். யுரேனியம் எரியும் இடமாயின், பெயரில் ‘அணு உலை’ என்ற சொல் விடுபடலாகாது.