தொண்டை கிழியாமல் கத்துவது எப்படி?

"தொண்டை கிழியக் கத்துகிறான்" என்று சொல்வோம். மெட்டல் என்ற கனத்த ராக் இசையில், பாடாமல் உறுமுகிற வகையான டெத் மெட்டல் பாட்டை முதன்முதலாகக் கேட்பவர் வாயில் வருவதும் பெரும்பாலும் இதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுற்றுப்பயணத்தில் இருக்கும் மெட்டல் பாடகர் வாரத்தில் நான்கைந்து இரவு மேடையேறி உறுமுகிறார். கானிபல் கார்ப்ஸ் குழுவின் ஜார்ஜ் ஃபிஷர் 1995-இலிருந்து அந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். மேலை நாட்டு இசை நாடகமான ஓபராவில் முக்கிய வேடம் பாடுபவரோ, ஒரு காட்சி முடிந்தால் பெரும்பாலும் ஓரிரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் அடுத்த காட்சிக்கு வருகிறார். நிஜமாகவே கிழிகிற தொண்டை என்றால், முப்பது நாள்கூடத் தாங்காது. முப்பது வருடம் எப்படித் தாங்கும்?

மெட்டல் என்றாலே உறுமல்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபர்ட், அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் போன்றவர்கள் உச்சத்தில் கணீரென்று பாடுகிறவர்கள். அவர்களுக்கும் ஓபராவுக்கும் உள்ள குடும்பச் சாயல் கேட்டவுடனே பிடிபடும். எனக்குச் சுவாரசியம் அந்த இன்னொரு கூட்டத்தின் மேல்தான்: உறுமுகிறவர்கள், அலறுகிறவர்கள்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். ஓபரா பாடகர், மெட்டல் பாடகர் இருவரிடமும் இருப்பது ஒன்றேதான். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள். நாண் என்றதும் வில்லில் இழுத்துக் கட்டிய கயிறு நினைவுக்கு வருகிறது. பெயர் வைத்தவர் நம்மை ஏமாற்றிவிட்டார். அவை கயிறல்ல, மடிப்புகள். உள்ளே தசை, அதன்மேல் கூழ் போன்ற ஓர் அடுக்கு, அதற்கும் மேல் மெல்லிய ஈரத்தோல். முழு நீளமே 2 செ.மீ.க்கு முன்னே பின்னேதான். மூடியிருக்கும் மடிப்புகளைக் காற்று முட்டித் திறக்கிறது. கொஞ்சம் காற்று வெளியேறியதும் அவை திரும்ப வந்து மோதி மூடிக்கொள்கின்றன. நொடிக்கு எத்தனை முறை இப்படி நடக்கிறது என்பதுதான் சுருதி. பேசும்போது ஆண்களுக்கு 100-ஐ ஒட்டியும் பெண்களுக்கு 200-ஐ ஒட்டியும் இருக்கும். சொப்ரானோ பாடகி (உச்சக் குரலில் பாடும் பெண்) எட்டும் 'ஹை சி' என்ற சுரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 1,046 முறை. அதை ஐந்து நொடி பிடித்தால், அந்த ஈரத்தோல் 5,000 தடவைக்கு மேல் அடிவாங்குகிறது.

இந்த மடிப்புகளை அசைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும்? வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 7 செ.மீ. ஆழத்துக்கு விட்டு மெதுவாக ஊதுங்கள். முதல் குமிழி எட்டிப்பார்க்கும்போது உங்கள் வாய்க்குள் இருக்கும் அழுத்தம்தான், சாதாரணமாகப் பேசும்போது நாண்களுக்குக் கீழே இருக்கும் அழுத்தம். ஓபரா பாடகர் உரக்கப் பாடும்போது அது 30 செ.மீ.யையும் தாண்டும். டம்ளர் போதாது, வாளி வேண்டும்.

இந்த அழுத்தத்தை ஆடாமல் அசையாமல் வைத்திருப்பதுதான் மூச்சுப் பயிற்சி. 'அடிவயிற்றிலிருந்து பாடு' என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். வயிற்றிலிருந்து குரல் வருவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். நுரையீரல் நிரம்பியிருக்கும்போது விலாக்கூடு ஊதிய பலூன்போலத் தானே சுருங்கப் பார்க்கும். அப்படி விட்டுவிட்டால் காற்று மொத்தமாகப் பாய்ந்து நாண்களைத் தாக்கும். அதனால் விலாவை விரித்தபடியே பிடித்துக்கொண்டு, காற்றைக் கஞ்சத்தனமாக விட வேண்டும். இத்தாலியப் பாடகர்கள் இதற்கு வைத்த பெயர் 'அப்போஜியோ', அதாவது சாய்ந்துகொள்வது. மெட்டல் குரலுக்கும் இதுவேதான் அடிப்படை. செவ்வியல் பயிற்சி பெற்ற நியூயார்க் குரல் ஆசிரியை மெலிசா கிராஸ், மெட்டல் பாடகர்களுக்கு அலறச் சொல்லிக்கொடுத்தே பெயர் வாங்கியவர்.

இதுவரை இருவரும் ஒரே பாதையில் வருகிறார்கள். பிரிகிற இடம் மைக்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னால் பெரிய இசைக்குழு. பாடகரிடம் மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த ஒற்றைக் குரல் கேட்க வேண்டும். வெறுமனே இன்னும் சத்தமாகப் பாடித் தீர்கிற சங்கதி இல்லை இது. எண்பது பேர் வாசிப்பதோடு ஒரு தொண்டை போட்டி போட முடியாது.

ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970-களில் இந்தப் புதிரை அவிழ்த்தார். இசைக்குழுவின் ஒலியில் பலம் அதிகம் குவிவது 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம். அதற்கு மேலே போகப்போக அது சரிந்துகொண்டே வரும். 3,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஆளில்லாத இடம். தேர்ந்த ஆண் ஓபரா பாடகர்களின் குரலை அளந்தால், சரியாக அந்த இடத்தில் ஒரு மேடு தெரிகிறது. கூட்டத்தில் கத்துவதற்குப் பதில் கூட்டம் இல்லாத பக்கமாக நின்று பேசுவது மாதிரி.

அந்த மேடு எங்கிருந்து வருகிறது? நாண்களுக்கு நேர் மேலே 2, 3 செ.மீ. நீளத்தில் ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. கொட்டாவி விடத் தொடங்கும்போது குரல்வளை கீழே இறங்குவதைக் கழுத்தில் விரல் வைத்து உணரலாம். ஓபரா பாடகர் அந்த நிலையிலேயே பாடுகிறார். அப்போது மேல்தொண்டை விரிகிறது. குட்டிக் குழாயின் வாய் அதைவிட ஆறு மடங்கு குறுகலாக இருந்தால், அது தனிப் பீப்பிபோலத் தன்பாட்டுக்கு ஒலிக்க ஆரம்பிக்கிறது. அது ஒலிக்கும் இடம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி. நம் காதுத் துளையும் ஒரு முனை மூடிய, சுமார் 2.5 செ.மீ. நீளக் குழாய்தான், அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கூடுதலாக அதிர்கிறது. பாடகரின் தொண்டையில் ஒரு சின்னக் குழாய், கேட்பவரின் காதில் கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று. கூடுதல் பலம் செலவழிக்காமலே குரல் தூக்கிக்கொண்டு வருவதற்கு இதுதான் காரணம்.

சரி, இனி உறுமலுக்கு வருவோம். கனமான பெட்டி ஒன்றைத் தூக்கும்போது மூச்சை அடக்கி 'ம்க்' என்று முனகுகிறோம் அல்லவா? அப்போது தொண்டைக்குள் ஒரு கதவு மூடுகிறது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல் நாண்கள் என்று பெயர். பேச்சில் அவற்றுக்கு வேலையில்லை. கனம் தூக்கும்போது மூச்சை அடைப்பது, விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாயில் இறங்காமல் காப்பது, கீழே இருக்கும் நிஜ நாண்களுக்கு ஈரம் சுரந்து கொடுப்பது ஆகியவைதான் அவற்றின் பிழைப்பு. தடித்த, தளர்ந்த சதை. நிஜ நாண்களின் நுட்பமான அடுக்கெல்லாம் இவற்றுக்குக் கிடையாது.

உறுமுகிறவர் இந்தத் தடித்த சதையைத்தான் பாட வைக்கிறார். பொய் நாண்களை நெருக்கிக்கொண்டுவந்து, காற்று அவற்றையும் உதறும்படி செய்கிறார். கனமாக இருப்பதால் அவை மெதுவாக ஆடும். நிஜ நாண்கள் இரண்டு முறை மூடும்போது பொய் நாண்கள் ஒரு முறை மூடினால், நமக்குக் கேட்கும் சுருதி பாதியாகிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே போய்விடுகிறது. ரஷ்யாவின் தெற்குச் சைபீரியாவில் வாழும் தூவா மக்களின் 'கார்கிரா' என்ற அடித்தொண்டைப் பாட்டு ஒழுங்காக இப்படி நடப்பது. டெத் மெட்டலில் அந்த ஒழுங்கும் கலைகிறது. சதை கண்டபடி துடிக்கிறது. லோர்னா ஷோர் குழுவின் வில் ராமோஸ், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் தொண்டைக்குள் கேமராவை விட அனுமதித்தார். அவர் உறுமும்போது குரல்வளையின் மேல்தளத்தில் அத்தனை பாகமும் குலுங்குவதை அந்தக் காட்சிகளில் பார்க்கலாம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்.

தொண்டைக்குள் எட்டிப்பார்க்கும் இந்த வித்தையைத் தொடங்கிவைத்ததும் ஒரு பாட்டு வாத்தியார்தான். மானுவல் கார்சியா, ஓபரா பாடகர்களை உருவாக்கியவர். 1854-இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றை வெந்நீரில் சூடாக்கி (ஆவி படியக் கூடாதே!) தன் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல் நாண்கள் ஆடுவதைத் தானே பார்த்தார். மறுவருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைச் சமர்ப்பித்தார். காது-மூக்கு-தொண்டை மருத்துவத்தின் ஒரு பகுதியே அங்கிருந்துதான் கிளம்பியது.

உறுமலைக் கேட்டால் ஏன் உடம்பு சிலிர்க்கிறது? இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓபரா பாடகர் நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது குரல் லேசாக ஊஞ்சலாடும்; நொடிக்கு 5 முதல் 7 முறை. காதுக்கு அது இதமாக இருக்கிறது. அதே ஆட்டத்தை நொடிக்கு 30-க்கு மேல் கொண்டுபோனால், தனித்தனி ஆட்டமாகத் தெரியாமல் சொரசொரப்பாக மாறிவிடுகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர்கள் பயத்தில் போடும் கூச்சலில் நொடிக்கு 30 முதல் 150 வரை இத்தகைய ஏற்ற இறக்கம் இருப்பதையும், அது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவைத் தட்டி எழுப்புவதையும் காட்டியது. பேச்சில் இந்தச் சொரசொரப்பு அநேகமாக இல்லை. ஆபத்துக்கென்று ஒதுக்கிவைத்த வண்டித்தடம் அது. மெட்டல் பாடகர் அதில்தான் வண்டி ஓட்டுகிறார். இரண்டு பேரும் குரலை ஆட்டுகிறார்கள், வேகம்தான் வேறு.

இனி, பலர் நம்ப மறுக்கும் செய்தி. இருவரில் அதிகச் சத்தம் போடுவது ஓபரா பாடகர்தான். உறுமலின் பயங்கரம் அதன் நிறத்தில், அதாவது ஒலியின் தன்மையில் இருக்கிறது, பலத்தில் இல்லை. தேர்ந்த உறுமல்காரர் மைக்கை இறக்கிவிட்டு அறைக்குள் அதே வேலையைச் செய்தால், 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஒலிபெருக்கியும், சத்தத்தைச் சமன்செய்யும் கருவியும் சேர்ந்து அந்தச் சின்னக் கரகரப்பைப் பூதமாக்குகின்றன. தூரத்தைக் கடக்கும் பொறுப்பை மைக் ஏற்றுக்கொண்டதால், அவர் தன் தொண்டையை முழுக்க நிறத்துக்காகவே செலவிட முடிகிறது. மைக் இல்லாத காலத்தில் டெத் மெட்டல் பிறந்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம். சிலர் மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு பாடுவதையும் பார்த்திருப்பீர்கள். பொத்திய கை ஒரு குகைபோல ஒலியின் நிறத்தை மாற்றும். ஆனால் முன்பக்கம் வரும் ஒலியை மட்டும் வாங்கும்படி செய்த மைக் எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்க ஆரம்பித்து 'கீ...' என்று ஊளையிடும். ஒலி அமைப்பாளர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

இதனால் உறுமல் ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை. மேலே இருக்கும் சதையை ஆட்டத் தெரியாமல், நிஜ நாண்களையே இறுக்கி, முட்டி முட்டிக் கத்துகிறவருக்குக் காப்புக் காய்த்ததுபோல அங்கே முடிச்சுகள் விழும், குரல் கம்மும். அப்படிக் குரல் இழந்தவர்கள் மெட்டலில் நிறைய. தப்பாக அழுத்திப் பாடிக் குரல் இழந்தவர்கள் ஓபராவிலும் உண்டு. வலித்தால் நிறுத்து என்பது இரண்டு வகுப்பிலும் முதல் பாடம்.

ஓபரா ரசிகர்களில் சிலர் மெட்டலைக் 'கூச்சல்' என்று முகம் சுளிக்கும்போது எனக்குப் பிரெஞ்சு ஓபரா பாடகர் ஜில்பேர் துப்ரே ஞாபகம் வரும். அவர் காலம்வரை ஆண் பாடகர்கள் உச்ச சுரங்களை மெல்லிய தலைக்குரலில்தான் தொடுவார்கள். 1837-இல் பாரிஸ் மேடையில் துப்ரே ஆண் குரலின் 'ஹை சி'யை (பாடகியின் 'ஹை சி'க்கு ஒரு ஸ்தாயி கீழே) முழு நெஞ்சுக்குரலில் அடித்துப் பாடினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஓபராவுக்கு இசையமைத்த ரோசினிக்கு மட்டும் பிடிக்கவில்லை. கழுத்தறுபடும் சேவலின் கூவல்போல இருக்கிறது என்று அவர் சொன்னதாகப் பதிவு. இன்றைக்கு ஓபராவில் ஆண் குரலின் உச்சம் என்று கொண்டாடுவது அந்தச் சேவல் கூவலைத்தான்.

கடைசியாக, மெட்டலைப் பற்றி எப்போதும் வரும் புகார்: ஒரு வார்த்தையும் புரியவில்லை. உண்மைதான். ஒரு நிறத்துக்காக நாக்கையும் தொண்டையையும் வளைத்துப் பிடித்திருக்கும்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் சொப்ரானோ உச்சத்தில் என்ன பாடுகிறார் என்று கண்டுபிடித்திருக்கிறீர்களா? 'இ', 'உ' போன்ற எழுத்துகளுக்கு அடையாளமாக இருக்கும் வாயின் முதல் ஒத்ததிர்வு (வாய்க்குள் ஒலி தானே பலமாக எதிரொலிக்கும் இடம்) 300, 400 ஹெர்ட்ஸில் இருக்கிறது. சுரமே 1,000 ஹெர்ட்ஸில் இருந்தால் அந்த அடையாளம் தரைக்குக் கீழே போய்விட்டது. பலம் குறையாமல் இருக்கப் பாடகி தாடையை இறக்கி, வாயைத் திறந்து, ஒத்ததிர்வைச் சுரம் இருக்கும் உயரத்துக்கு ஏற்றுகிறார். 'இ'யோ 'உ'வோ, உச்சத்தில் எல்லாம் 'ஆ'தான். நீங்களே 'ஈ' என்று தொடங்கி மேலே மேலே போய்ப் பாருங்கள். வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

1983-இல் டொரண்டோவின் கனடிய ஓபரா கம்பெனி மேடைக்கு மேலே வரிகளை எழுத்தில் காட்டத் தொடங்கியது. இப்போது பெரிய அரங்குகளில் அது இல்லாமல் காட்சியே இல்லை. மெட்ரோபாலிட்டனில் முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை ஒளிர்கிறது. மெட்டல் ரசிகர் ஆல்பம் உறைக்குள் இருக்கும் தாளை விரித்து வைத்துக்கொள்கிறார்.