இரண்டு ஓட்டையும் ஒரு தெருவிளக்கும்: கேமரா ஃபோகஸ் பிடிக்கும் விதம்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: அக்கா கல்யாணத்தில் 85 எம்எம் லென்ஸை எஃப்/1.8-ல் (ஒளி நுழையும் துளையை அகலமாகத் திறந்து) வைத்து டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) படமெடுத்தேன், ஃபோகஸ் புள்ளி கண்மேல்தான் இருந்தது, பீப் சத்தமும் வந்தது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஜிமிக்கி பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். இனி ஆட்டோஃபோகஸை விட்டுவிட்டுக் கையாலேயே திருப்பட்டுமா?

அவசரப்பட வேண்டாம். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் அந்த லென்ஸை வைத்து 1.5 மீட்டரில் நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. சொச்சம். கண்ணுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவில் அதைவிட அதிக இடைவெளி உண்டு. குவிலென்ஸ், குவியத் தூரமெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதை விடுங்கள். ஃபோகஸ் தப்பியிருக்கிறது என்பது கேமராவுக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

மொட்டைமாடியில் நீங்களே செய்து பார்க்கலாம். கறுப்பு அட்டையில் பென்சில் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை போடுங்கள், நடுவே 2 செ.மீ. இருக்கட்டும். 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்து, ஓட்டைகள் இடமும் வலமுமாக வரும்படி அட்டையை முன்னால் ஒட்டி, அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எரியும் தெருவிளக்கைக் கேமராவின் பின்திரையில் (லைவ் வியூ) பாருங்கள். ஃபோகஸ் தப்பியிருந்தால் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும், அதுதான் சரியான ஃபோகஸ். இன்னும் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. விளக்கு இரண்டாக இருக்கும்போதே இடது ஓட்டையை விரலால் மூடுங்கள். இடது புள்ளி அணைந்தால் லென்ஸ் விளக்குக்கு முன்னாலேயே ஃபோகஸ் செய்துகொண்டிருக்கிறது, வலது புள்ளி அணைந்தால் விளக்கைத் தாண்டிப் போய்விட்டது. அதாவது, தப்பு இருக்கிறது என்பதோடு எந்தப் பக்கம் என்பதும், புள்ளிகளின் இடைவெளியைப் பார்த்தால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடுகிறது! கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஜெர்மன் பாதிரியார் 1619-ல் கண்ணைப் பற்றி எழுதிய நூலில் சொன்ன உத்தி இது.

கேமராவில் இருக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் என்ற வகை ஆட்டோஃபோகஸ் செய்வதும் இதையேதான். அட்டைக்குப் பதிலாக லென்ஸின் இடது ஓரம் வழியாக வரும் ஒளியையும் வலது ஓரம் வழியாக வருவதையும் தனித்தனியே பிரித்து, இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கிறது, மோட்டாருக்கு எந்தத் திசையில் எவ்வளவு ஓட வேண்டும் என்று உடனே தெரிகிறது. பழைய ஃபிலிம் கேமராக்களின் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் இடம்) நடுவில் ஒரு சின்ன வட்டம் இரண்டாகப் பிளந்திருக்குமே, அதுவும் இதே வேலைதான், அளப்பது மட்டும் நம் கண். கையால் ஃபோகஸ் செய்ய ஒரு கைராசி வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை, அவர்களிடம் இருந்தது அந்த வட்டம். இன்றைய டிஎஸ்எல்ஆரில் அது கிடையாது. போதாததற்கு, படம் எஃப்/1.8-ல் பதிவானாலும் வியூஃபைண்டருக்குள் இருக்கும் திரை ஏறக்குறைய எஃப்/2.8 என்ற சிறிய துளைக்குரிய அதிக ஆழத்தைத்தான் காட்டும், அதனால் மங்கலாக இருப்பதும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வியூஃபைண்டரை நம்பிக் கையால் திருப்பினால் இன்னும் அதிகம் தப்பும்.

இந்த அட்டைச் சோதனைக்கு ஆகும் செலவு பத்து ரூபாய்கூட இல்லை. பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை லென்ஸும் அட்டையும் வாங்கவும், பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் மாதிரியான இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவும் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, ஜிமிக்கிக்கு வருவோம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளக்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. ஒளியை வியூஃபைண்டருக்கு அனுப்பும் முதல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடி, ஒளியில் ஒரு பங்கைக் கீழே ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. இரண்டு வழிக்கும் தூரத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாகத் தப்பும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம், லைவ் வியூவில் பத்து எடுத்து ஒப்பிடுங்கள். முதல் பத்தில் மட்டும் ஃபோகஸ் எப்போதும் பின்னால் விழுந்தால், மெனுவில் ஏஎஃப் ஃபைன் டியூன் அல்லது மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறதா பாருங்கள், அதில் ஃபோகஸைச் சற்று முன்னால் இழுத்துவிடலாம். அப்புறம், அசையாத பொருளென்றால் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையாலேயே திருப்புங்கள், அங்கே கைதான் ஜெயிக்கும். மணப்பெண் சிரித்துத் திரும்பும்போது மோட்டாரிடமே விட்டுவிடுங்கள்.