பிரேக் பல்பில் சிக்கிய க்ரூஸ் கன்ட்ரோல்

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் மாமா, வளைகுடாவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த பெட்ரோல் காரை இன்னும் ஓட்டுகிறார். வாளையாறு தாண்டி சாலை நேராகக் கிடந்தால் வேகத்தைத் தானே நிலையாகப் பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். போன ஆடியில் அது பிடிக்கவே இல்லை. "கம்ப்யூட்டரே போச்சுங்கறாங்க மாப்ளே" என்றார்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். பிரேக் லைட்டில் ஏதாவது மாற்றினீர்களா? ஆமாம், முந்தின வாரம்தான் இரண்டு பல்பையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டிருந்தார்.

இதில் என்ன சம்பந்தம்? பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் ஒயரில் 12 வோல்ட் வரும். அதைக் கண்டதும் க்ரூஸ் கன்ட்ரோல் பிடியை விட்டுவிடும். மிதிக்காதபோது அதே ஒயர், பல்பின் இழை வழியாக பாடியோடு சேர்ந்து பூஜ்ய வோல்ட்டில் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தப் பூஜ்யத்தையும் சரிபார்க்கிறது. இரண்டு பல்பும் ஃப்யூஸ் போனாலோ, எல்.இ.டி. வந்தாலோ அந்த வழி அடைபடும். பிரேக்கில் கால் இருக்கிறது என்றே பெட்டி எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் பிடிக்காதே என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் பாடம். பழைய பல்புகளைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது.

லைட் ஒழுங்காக இருந்தால் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச், கியர் வண்டி என்றால் கிளட்ச் சுவிட்சும், அப்புறம் ஃப்யூஸ் என்று பார்க்க வேண்டும். ஹாரனும் சேர்ந்து அடிக்கவில்லையா? ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா ஒயர் அறுந்திருக்கலாம்.

பிடிக்கிறது, ஆனால் வேகம் ஏறி இறங்கி அலைகிறது என்றால் கதை வேறு. மாமாவின் கார் போன்றவற்றில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்புதான் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கிறது. சவ்வு கேபிளை, கேபிள் த்ராட்டிலை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகட்டை. ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தாலோ, கேபிள் தொளதொளத்தாலோ வேகம் நிலையாக நிற்காது. மேட்டில் த்ராட்டில் அகலத் திறக்கும்போது இந்த இழுப்பே குறைந்துவிடும். அதற்காகத்தான் சில வண்டிகளில் இழுப்பைச் சேமித்துவைக்கும் டப்பாவும், எதிர்ப்பக்கம் விடாத வால்வும் இருக்கின்றன. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்துப் போவதும் வண்டிக்கு மேடு ஏறுவது போலத்தான். லேசான கசிவு இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

இந்த அலைச்சலை ஒழிக்கத்தான் க்ரூஸ் கன்ட்ரோலே வந்தது. கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் ஐந்து வயதில் பார்வை இழந்தவர். பேசிக்கொண்டே ஓட்டிய வக்கீலின் கார் கூடிக் குறைந்து குலுங்கியதுதான் அவரை யோசிக்க வைத்தது என்று சொல்வார்கள். 1958இல் கிரைஸ்லர் தன் கார்களில் அதைக் கொண்டுவந்தது. கண் தெரியாத ஒருவர் உடம்பால் உணர்ந்த குறை இன்று இத்தனை பேருக்குச் சௌகரியமாகியிருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

எதைச் சரிசெய்தாலும், எஞ்சின் அணைந்திருக்கும்போது த்ராட்டிலைக் கையால் திறந்து விட்டுப் பாருங்கள், சட்டென்று மூட வேண்டும். கஞ்சிக்கோடு பக்கம் ஆளில்லாத இடத்தில் 60இல் செட் செய்து பிரேக்கை லேசாகத் தொட்டேன். உடனே விட்டது. மூன்று முறை அப்படிப் பார்த்த பிறகுதான் மாமாவிடம் சாவியைக் கொடுத்தேன்.