சோடா பாட்டில் சொல்லாத பாதி

ஹவாயில் எரிமலைக் குழம்பு வழிந்தோடுவதைக் கொஞ்சம் தள்ளி நின்று வீடியோ எடுக்கிறார்கள். 1902 மே 8 அன்று கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பெலே மலை வெடித்தபோதோ, செயின்ட் பியர் நகரமே சில நிமிடங்களில் அழிந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். இரண்டும் எரிமலைதானே, ஏன் இத்தனை வித்தியாசம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பள்ளிப் பாடம் வடிவத்தைச் சொல்லித் தரும். ஹவாயின் மௌனா லோவா போலக் கவிழ்த்த கேடயமாகப் பரந்து கிடப்பது கேடய எரிமலை. குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக எழுவது கூட்டு எரிமலை. தெறித்த கங்குகள் குவிந்தால் சிறு கூம்பு. மெக்சிகோவில் 1943-இல் மக்காச்சோளக் காட்டில் முளைத்த பாரிகுட்டின் அப்படிப்பட்டது, ஓராண்டில் 300 மீட்டரைத் தாண்டிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் வடிவம் விளைவுதான். காரணம் குழம்புக்குள் இருக்கிறது.

ஹவாயில் ஓடுவது பசால்ட் என்ற வகைக் குழம்பு. அதில் சிலிகா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, மணலில் இருக்கும் பொருள்) சுமார் 50 சதவீதம், வெப்பம் 1,100 முதல் 1,200 டிகிரி. தேனைவிடச் சற்றுக் கெட்டி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வாயு எளிதாக வெளியேறிவிடும். மறுகோடியில் இருக்கும் ரியோலைட் என்ற வகைக் குழம்பில் சிலிகா 70 சதவீதத்துக்கு மேல், வெப்பமும் குறைவு. சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்து வலைபோலப் பின்னிக்கொள்வதால் அது நகரவே யோசிக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் சோடா பாட்டிலைக் குலுக்கிக் காட்டுவார்கள். அழுத்தம் குறைந்தால் கரைந்திருந்த வாயு குமிழாகிப் பொங்கும் என்பது உண்மைதான். ஏழெட்டு கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 2,000 வளிமண்டல அழுத்தத்தில், ரியோலைட் குழம்பு தன் எடையில் ஐந்தாறு சதவீதம் நீரைக் கரைத்து வைத்திருக்கும். மேலே வந்துவிட்டால் அதனால் 0.1 சதவீதத்தைத்தான் பிடித்துவைக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கன மீட்டர் குழம்பின் எடை 2,300 கிலோ, அதில் 5 சதவீதம் என்றால் 115 கிலோ நீர். 900 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில், அது 600 கன மீட்டருக்கும் மேற்பட்ட நீராவி!

சோடா சொல்லாத பாதி இனிமேல்தான். வாயு போனாலும் சோடா தண்ணீராகவே இருக்கும். குழம்பு அப்படியல்ல. கரைந்திருந்த நீர்தான் அந்தச் சிலிக்கன் வலையை ஆங்காங்கே அறுத்து, குழம்பை ஓரளவு இளக்கி வைத்திருந்தது. நீர் குமிழுக்குள் தப்பிப்போன மறுகணமே அறுந்த இழைகள் மீண்டும் பின்னிக்கொள்கின்றன. குழம்பு பல ஆயிரம் மடங்கு இறுகிவிடுகிறது. எந்த நேரத்தில் குமிழ் பெரிதாக வேண்டுமோ அதே நேரத்தில் அதன் சுவர் கெட்டிப்படுகிறது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அதன் பாகுநிலை பொல்லாதது: கெட்டிப் பாகை மெல்ல இழுத்தால் நூலாக நீளும், வெடுக்கென்று இழுத்தால் ஒடியும். குமிழ்கள் முக்கால் பங்கு இடத்தைப் பிடிக்கும் வாக்கில் குழம்பு திரவம்போல ஓடாமல் கண்ணாடிபோல நொறுங்குகிறது.

அந்த நொறுங்கல்தான் எரிமலைச் சாம்பல். எரிந்து மிஞ்சிய எதுவும் அதில் இல்லை. நுண்ணோக்கியில் வைத்தால் வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரியும். சிலவற்றில் மூன்று குமிழ்கள் சந்தித்த மூலை மூன்று கிளைகளோடு அப்படியே நிற்கும். 1982 ஜூனில் இந்தோனேசியாவின் கலுங்குங் மலைச் சாம்பலுக்குள் புகுந்த ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றது இந்தக் கண்ணாடியால்தான்: எஞ்சினுக்குள் உருகி, உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. சாம்பலை விட்டு வெளியே வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் இயங்கியதால் எல்லோரும் பிழைத்தார்கள்.

நுரை நொறுங்காமலும் போகலாம். குழம்பு நிதானமாக ஏறினால் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து வழி உண்டாகி, வாயு கசிந்துவிடும். மிச்சம் வாய்ப்பகுதியில் கும்மட்டமாகப் பிதுங்கும். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18 அன்று நிலச்சரிவில் தன் வடபக்கத்தையே இழந்து, அழுத்தம் சட்டென விடுபட்டு வெடித்தது. அதே மலை 2004 முதல் 2008 வரை பெரும்பாலும் அமைதியாகக் கும்மட்டம் கட்டியது.

புகை வந்தால் வாயு கசிகிறது என்று பொருள். ஆகவே, புகைகிற மலையைவிடப் புகைந்துகொண்டிருந்து திடீரென்று அடங்கிய மலைதான் வயிற்றைக் கலக்கும். கிரகங்கள் நேர்கோட்டில் வருவதால் மலை பொங்கும் என்று ஆரூடம் சொல்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. வாயுவை அளக்கப் பணம் கேட்பவர்களுக்குத்தான். மலை தூங்கும்போது அந்தப் பணத்தை வெட்டுவது எனக்குக் கஞ்சத்தனமாகக்கூடப் படவில்லை, கணக்குத் தெரியாமை. அளந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் மலைக்கு 1985 அக்டோபரிலேயே அபாய வரைபடம் தயாராக இருந்தது. நவம்பர் 13 இரவு, உருகிய பனி சேற்று வெள்ளமாக இறங்கி அர்மேரோ நகரை மூடியது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிலிப்பைன்ஸில் 1991-இல் எச்சரிக்கைக்குக் காது கொடுத்தார்கள். பினடுபோ மலையின் மேல் விமானத்தில் பறந்து, புகையில் எவ்வளவு புற ஊதாக் கதிர் உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து, குழம்பிலிருந்து கசியும் கந்தக டை ஆக்சைடு வாயுவை அளந்தார்கள். மே 13-இல் நாளொன்றுக்குச் சுமார் 500 டன். மே 28-இல் 5,000 டன். பிறகு சில நாட்களில் சரேலென்று இறங்கிவிட்டது. நிலநடுக்கப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. கசிவுப் பாதை அடைபட்டிருக்கலாம் என்று அஞ்சினார்கள். பல்லாயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஜூன் 15 அன்று சாம்பல் தூண் 35 கிலோமீட்டர் உயரம் போனது.